செயின்ட் ஆண்ட்ரூஸ்: கோல்ஃப் தெரியாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

#1 நிலாச்சோறு

வணக்கம். மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து போகிறேன். எடின்பரோவில் 6 நாள் அறை போட்டாயிற்று. நடுவில் ஓரிரு நாள் கடற்கரை ஊர் ஒன்றில் இருக்கவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. யாரைக் கேட்டாலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்கிறார்கள். ஆனால் அதைப்பற்றி எதைப் படித்தாலும் கோல்ஃப், கோல்ஃப், கோல்ஃப். எங்கள் வீட்டில் அந்த மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு வயது 68. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. முழங்கால் வலி உண்டு, கேள்வி கேட்பதில் மட்டும் களைப்பே கிடையாது. கோல்ஃபை விட்டுவிட்டால் அந்த ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது? போனவர்கள் சொல்லுங்கள்.

#2 சுருக்குப்பை

சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். இடிந்த பேராலயம் ஒன்று, இடிந்த கோட்டை ஒன்று, குளிர்ந்த கடல் ஒன்று. மூன்றையும் மூன்று மணி நேரத்தில் பார்த்துவிட்டு, மிச்ச நேரம் பேருந்துக்காக நின்றேன். அறை வாடகையோ எடின்பரோவையே தூக்கிச் சாப்பிடும். கடல்தான் வேண்டுமென்றால் எடின்பரோவிலேயே போர்டோபெல்லோ கடற்கரை இருக்கிறது, டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

#3 டண்டித்தம்பி

அக்கா, நான் பக்கத்து ஊரான டண்டியில் இருக்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சுருக்குப்பை அண்ணன் சொல்வதில் வாடகை விஷயம் மட்டும் உண்மை.

ஊரின் அமைப்பை முதலில் சொல்கிறேன். நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் என்று மூன்று தெருக்கள். மூன்றும் மேற்கிலிருந்து விசிறி மடங்குவதுபோல் நெருங்கி வந்து கிழக்கே பேராலயத்தில் முடியும். 12-ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்கள் வந்து போவதற்காக வகுத்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. வழி தவறவே முடியாது, எந்தத் தெருவில் கிழக்கே நடந்தாலும் அந்த இடிந்த கோபுரங்கள் கண்ணில் படும். அம்மாவின் முழங்காலுக்கும் நல்ல ஊர். நடுவில் மேடு பள்ளம் அதிகமில்லை. துறைமுகத்துக்கும் ஈஸ்ட் சாண்ட்ஸுக்கும் இறங்கும்போது மட்டும் கொஞ்சம் சரிவு.

கடற்கரை இரண்டு. வெஸ்ட் சாண்ட்ஸ் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம். 1981-இல் வந்த ஓட்டப்பந்தயப் படம் ஒன்றில் வெள்ளை உடை போட்ட இளைஞர்கள் அலையோரம் ஓடும் காட்சியை இங்கேதான் எடுத்தார்கள். கடல் வற்றும்போது போங்கள். ஈர மணல் கண்ணாடி மாதிரி விரிந்து கிடக்கும், அதில் வானமே தெரியும்.

#4 பதினெட்டாங்குழி

கோல்ஃப் என்றதும் எல்லோரும் ஓடுவதால் இதை எழுதுகிறேன். ஆடத் தெரியவேண்டியதில்லை. அந்தத் திடலின் கதையைத் தெரிந்துகொண்டு போனாலே போதும்.

நம்மில் பலரும் அந்த ஊரின் பழைய கோல்ஃப் திடலான ஓல்ட் கோர்ஸ் என்றால் பணக்காரர்களின் வேலி போட்ட தோட்டம் என்று நினைக்கிறோம். அது ஊர்ப் பொதுநிலம். நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1457-இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், ஆட்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதையே ஆடுகிறார்கள் என்று கோல்ஃபுக்குத் தடை போட்டார். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க உரிமை பெற்றார். அதே பட்டயத்தில், ஊர்மக்கள் அந்த நிலத்தில் கோல்ஃபும் பந்தும் ஆடலாம் என்றும் எழுதிக்கொடுத்தார்.

1797-இல் ஊராட்சி கடனில் மூழ்கி நிலம் கைமாறியது. வந்தவர்கள் முயல் வியாபாரிகள். திடல் முழுக்க முயல் வளை. ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் அடிதடி, வழக்கு, நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார் நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஊரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

18 குழி என்ற கணக்கு பிறந்ததும் இங்கேதான். முதலில் 22 இருந்தது. 1764-இல் முதல் நான்கு குழிகள் குட்டையாக இருக்கின்றன என்று இரண்டாக்கினார்கள். போகும்போது ஆடிய அதே குழிகளைத்தான் திரும்பும்போதும் ஆடுவார்கள் என்பதால் 22, 18 ஆனது. பிற்பாடு உலகமே அதைப் பின்பற்றியது. இன்னொரு வேடிக்கை: ஏழு இடங்களில் ஒரே பச்சைத் தரையில் இரண்டு குழிகள் இருக்கும். அந்த இரண்டின் எண்ணையும் கூட்டிப் பாருங்கள், எப்போதும் 18 வரும். 2-உம் 16-உம், 3-உம் 15-உம், இப்படி.

ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் இல்லை. பெரிய போட்டிகள் நடக்கும் சமயம் தவிர, அன்று அது ஊர்மக்களின் பூங்கா. நாயும் குழந்தையும் பாட்டிமாரும் நடப்பார்கள். ஸ்வில்கன் பாலத்தின்மேல் நின்று நீங்களும் படம் எடுத்துக்கொள்ளலாம். உலகச் சாம்பியன்கள் கண்ணீரோடு கையசைத்து விடைபெறும் பாலம். நேரில் பார்த்தால் வாய்க்கால் பாலம் அளவுதான், பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

#5 நிலாச்சோறு

அடேயப்பா, முயல் வழக்கு அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் கேள்வியும் வந்துவிட்டது: "கோயிலை யார் இடித்தது?"

#6 பழங்கல்

அம்மாவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: பாதியை மதச்சண்டை இடித்தது, மீதியை ஊர்க்காரர்களே வீடு கட்ட எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் விரிவாகச் சொன்னால், இயேசுவின் சீடர் அந்திரேயாவின் எலும்புகளை ரெகுலஸ் என்ற துறவி கிரேக்கத்தின் பத்ராஸிலிருந்து கொண்டுவந்தார், கப்பல் உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கினார் என்பது தலபுராணம். வரலாறு அல்ல, ஆனால் அந்த நம்பிக்கைதான் ஊரை உண்டாக்கியது. ஸ்காட்லாந்துக் கொடியில் உள்ள பெருக்கல் குறி அந்திரேயாவின் சிலுவை. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேராலயப் பணி தொடங்கியது. புயலில் மேற்கு முகப்பு விழுந்து, திரும்பக் கட்டி, 1318-இல் அரசர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ச்சிப்பு நடந்தது. ஏறத்தாழ 160 ஆண்டுக் கட்டுமானம். நீளம் 119 மீட்டர் அளவில். ஸ்காட்லாந்தில் அதைவிடப் பெரிய தேவாலயம் கட்டப்படவே இல்லை.

1559-இல் சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸ் வந்து பிரசங்கம் செய்தார். அதைக் கேட்ட கூட்டம் உள்ளே புகுந்து பீடங்களையும் உருவங்களையும் உடைத்தது. கட்டிடம் அன்றே விழுந்துவிடவில்லை. வழிபாடு நின்றது, கூரை கவனிப்பாரற்றுப் போனது, கல் விலையில்லாமல் கிடைத்தது, அவ்வளவுதான். பழைய தெருக்களில் சில வீட்டுச் சுவர்களை உற்றுப் பாருங்கள், சாதாரண வீட்டுக்குப் பொருந்தாத செதுக்கிய கல் ஒன்று நடுவில் செருகியிருக்கும். துறைமுகத்தின் கல்தளத்திலும் கோட்டையின் கற்கள் உண்டு. 1655-இல் புயல் கல்தளத்தைச் சிதைத்தபோது கோட்டையிலிருந்து எடுத்து அடைத்தார்கள்.

கோட்டைக் கதை இன்னும் கொடூரம். 1546 மார்ச் 1 அன்று ஜார்ஜ் விஷார்ட் என்ற சீர்திருத்தப் போதகரைக் கோட்டை வாசலில் எரித்தார்கள். கர்தினால் டேவிட் பீட்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள். மூன்றே மாதத்தில், மே 29 காலையில், அங்கே நடந்த கட்டிட வேலைக்கு வரும் கொத்தர்களோடு கொத்தர்களாக எதிரிகள் நுழைந்தார்கள். கர்தினாலைக் குத்திக் கொன்று, ஊர் பார்க்க உடலை வெளியே தொங்கவிட்டார்கள். பிறகு உப்பில் போட்டுப் பாதாளச் சிறையில் வைத்துவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் முற்றுகை. வெளியில் இருந்தவர்கள் பாறையைக் குடைந்து சுரங்கம் தோண்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் தரையில் காதை வைத்து, உளிச் சத்தம் வரும் திசையைக் கணித்து எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். ஓரிரு முறை திசை தவறி, விட்டுவிட்டு, கடைசியில் சரியாகப் போய் மோதினார்கள். 1547-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து சுட்டபிறகுதான் கோட்டை பணிந்தது. பிடிபட்டவர்களில் ஜான் நாக்ஸும் ஒருவர். கப்பலில் துடுப்பு இழுக்கும் அடிமையாக அனுப்பினார்கள். 12 ஆண்டு கழித்து அதே ஊருக்கு வந்துதான் மேலே சொன்ன பிரசங்கம்.

அந்த இரண்டு சுரங்கங்களும் 1879-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டன. நீங்களே உள்ளே இறங்கிப் பார்க்கலாம். மூன்று மணி நேரத்தில் முடித்தேன் என்ற நண்பர் சுரங்கத்துக்குள் போனாரா என்று அறிய ஆவல்.

#7 சுருக்குப்பை

போகவில்லை. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே படம் எடுத்தேன். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

#8 எழும்பூர்வாசி

எல்லோரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அம்மா ஆசிரியை என்கிறீர்கள், அப்படியானால் சவுத் ஸ்ட்ரீட்டில் 'மெட்ராஸ் காலேஜ்' கட்டிடத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. ஆம், நம்ம மெட்ராஸ்தான்.

ஆண்ட்ரூ பெல். 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தவர், முடிதிருத்துபவரின் மகன். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில காலம் இருந்துவிட்டு, 1787-இல் மெட்ராஸ் வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதிக்குக் கண்காணிப்பாளர் ஆனார். விடுதி இருந்தது எழும்பூர்க் கொத்தளத்தில். இன்று நாம் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு ஓடுகிறோமே, அந்த ரயில் நிலையம் நிற்கும் இடம்.

ஒருநாள் குதிரையில் போகும்போது, 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதுவதைக் கண்டார். அக்காலத்து வெள்ளையர் தமிழரையும் மலபார் என்றுதான் எழுதினார்கள். காகிதமும் பலகையும் இல்லாமல் காரியம் நடக்கிறதே என்று தன் விடுதியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களை விட்டுவிட்டு ஜான் ஃபிரிஸ்கென் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவனிடமே கொடுத்தார். அவன் ஒழுங்காக நடத்திக் காட்டினான். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாடு அங்கிருந்து விரிந்தது. 1796-இல் பெல் ஊர் திரும்பினார், மறு ஆண்டே அதைப் புத்தகமாக அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதைப் பின்பற்றின. ஆசிரியர் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை இரண்டுக்கும் அது மலிவான மருந்து. பெல் 1832-இல் இறந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்து 1833-இல் திறந்த பள்ளிதான் மெட்ராஸ் காலேஜ். பெயர்தான் காலேஜ், உண்மையில் உயர்நிலைப் பள்ளி.

இன்னொன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 1821-இல் திறந்த ஸ்காட்டிஷ் தேவாலயத்தின் பெயரும் செயின்ட் ஆண்ட்ரூஸ். மண் இளகிய இடம் என்பதால் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் கட்டியது. அவர்கள் ஊரில் மெட்ராஸ் இருக்கிறது, நம் எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கிறது. தோமாவுக்கு மயிலாப்பூர், அந்திரேயாவுக்கு எழும்பூர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

#9 பழங்கல்

எழும்பூர்வாசி ஐயா, நல்ல பதிவு. ஆனால் பெல்லுக்கு இவ்வளவு பெருமை கொடுப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மணலைத்தான் கடன் வாங்கினேன், பிள்ளையை வைத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்பது அவர் தரப்பு. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தானே, அவன் யார்? வாத்தியார் முன் வரிசைக்குப் பாடம் சொல்வார், சட்டாம்பிள்ளை பின்வரிசைக்குச் சொல்லித்தருவான், வாத்தியார் இல்லாதபோது பள்ளியையே நடத்துவான். 1623-இலேயே இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, கன்னட நாட்டு இக்கேரியில் சிறுவர்கள் தங்களுக்குள்ளேயே பாட்டாகச் சொல்லி, மணல் பரப்பிய தரையில் எழுதிக் கணக்குப் படித்ததை எழுதிவைத்திருக்கிறார். பெல்லுக்கு 160 ஆண்டுக்கும் முன்னால்!

#10 எழும்பூர்வாசி

மறுக்கவில்லை. சட்டாம்பிள்ளையைப் பார்க்காமல் மணலை மட்டும் பார்த்தார் என்று நம்புவது கஷ்டம்தான். ஆனாலும் ஒரு நியாயம் சொல்லவேண்டும். திண்ணைப் பள்ளியின் வழக்கத்தை எடுத்து, இத்தனை பேருக்கு ஒருவன், அவனுக்கு மேல் ஒருவன் என்று அடுக்கு வைத்து, கணக்குப் பதிவேடு போட்டுப் பெரிய எந்திரமாக்கியது அவர். அதை நல்லது என்று நான் சொல்லவில்லை, அந்த எந்திரத்தில் சிக்கிய ஆங்கிலேயப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். பெயரையாவது 'மெட்ராஸ் முறை' என்று வைத்தாரே. எடுத்த இடத்தைச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்!

#11 பழங்கல்

பெயரை வைத்தார், வாத்தியாரின் பெயரை விட்டுவிட்டார். அவர் குதிரையை நிறுத்திப் பார்த்த அந்தப் பள்ளியின் வாத்தியார் யாரோ. ஃபிரிஸ்கென் பெயர் மட்டும் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவன் விடுதிப் பையன். சரி, இதோடு நிறுத்துகிறேன், இல்லையென்றால் நிலாச்சோறு பயணமே போகமாட்டார்.

#12 டண்டித்தம்பி

சண்டை முடிந்ததென்றால் போக்குவரத்தைச் சொல்கிறேன். ஊருக்கு ரயில் இல்லை. 1852-இல் போட்ட கிளைப்பாதையை 1969-இல் மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் வரை சுமார் ஒரு மணி நேர ரயில், அங்கிருந்து 99-ஆம் எண் பேருந்து, 8 கிலோமீட்டர். ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள், வழியில் 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தைக் கடப்பீர்கள். சிவப்பு இரும்பு ஜன்னலோடு ஓடிவரும்.

'ஹார்' என்று ஒன்று உண்டு. கடலிலிருந்து வரும் பனிமூட்டம். வசந்தத்திலும் கோடையிலும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல்மேல் வரும்போது உண்டாகும். லூக்கர்ஸில் வெயில் அடிக்கும், செயின்ட் ஆண்ட்ரூஸில் எதிர்த்த வீடு தெரியாது. மே மாதம்தானே என்று மெல்லிய சால்வையோடு வந்துவிடாதீர்கள் அக்கா. ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத மேலங்கி.

ஞாயிறும் திங்களும் தங்குங்கள். ஞாயிறு ஓல்ட் கோர்ஸில் நடக்கலாம், திங்கள் ஆட்டத்தையும் பார்த்துவிடலாம். முக்கியமாக 'ஹிமாலயாஸ்'. பெண்களுக்கான பட்டிங் கழகம், 1867-இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் பெண்கள் தோளுக்குமேல் மட்டை ஓங்குவது அழகில்லை என்று, உருட்டி விளையாட மட்டும் ஒரு மேடுபள்ளத் தரையைக் கொடுத்தார்கள். இப்போது உறுப்பினர் நேரம் போக மற்ற நேரத்தில் யார் வேண்டுமானாலும் சில பவுண்டு கொடுத்து ஆடலாம். மட்டையும் பந்தும் அங்கேயே தருவார்கள். அம்மாவை ஆடவிடுங்கள்.

#13 கடற்காக்கை

நான் அங்கே முதுகலை படித்தவள். பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! 1413-இல் போப் பட்டயம் பெற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அடுத்தபடியாக ஆங்கிலம் பேசும் உலகில் மூன்றாவது பழையது. இளவரசர் வில்லியமும் கேட் மிடில்டனும் சந்தித்த இடம் என்று டீக்கடை வரை விளம்பரம் செய்வார்கள், அதை விட்டுத்தள்ளுங்கள்.

நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர் கல்லூரி வாசலில் தரைக்கல்லில் 'பி.எச்.' என்ற எழுத்துகள் பதித்திருக்கும். பேட்ரிக் ஹாமில்டன். 1528 பிப்ரவரி 29 அன்று, 24 வயதில், லூதர் கொள்கையைப் பேசியதற்காக அங்கே எரித்தார்கள். ஈரக்காற்றில் தீ பிடிக்காமல், நண்பகலில் தொடங்கி ஆறு மணி நேரம் ஆனதாம். அந்த எழுத்தை மிதித்தால் பட்டம் கிடைக்காது என்பது மாணவர் நம்பிக்கை. அவசரமாக வகுப்புக்கு ஓடுகிறவன்கூட அந்த இடத்தில் ஒரு வளைவு வளைந்துதான் ஓடுவான். தெரியாமல் மிதித்தவர்களுக்குப் பரிகாரம் உண்டு: மே 1 விடியற்காலையில் ஈஸ்ட் சாண்ட்ஸில் கடலில் முங்கவேண்டும். தண்ணீர் 8, 9 டிகிரி இருக்கும். நான் மிதிக்கவே இல்லை, இருந்தும் முங்கினேன், சாட்சிக்கு இன்னும் ஒரு பல் கூச்சம் இருக்கிறது.

ஞாயிறு தேவாலய வழிபாடு முடிந்ததும் மாணவர்கள் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு துறைமுகக் கல்தளத்தின் முனைவரை வரிசையாக நடப்பார்கள். அங்கி எங்கே தொங்குகிறது என்று பார்த்து வகுப்பைச் சொல்லிவிடலாம். முதலாண்டு தோளில் முழுசாக, பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி இறங்கி, நான்காம் ஆண்டில் முழங்கையில் வந்து நிற்கும்.

#14 நிலாச்சோறு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் அறை போட்டுவிட்டேன், வாடகையைப் பார்த்து அழுதுகொண்டே. வந்து எழுதுகிறேன்.

#15 நிலாச்சோறு

வந்துவிட்டோம்! தாமதத்துக்கு மன்னிக்கவும், வந்ததும் அம்மாவுக்குச் சளி.

டண்டித்தம்பி சொன்ன ஹார் எங்களை வரவேற்க வந்திருந்தது. லூக்கர்ஸில் கண் கூசும் வெயில், பேருந்து ஊருக்குள் நுழைந்ததும் பால் ஊற்றியது மாதிரி. பேராலயத்தின் கிழக்குச் சுவர் இருபதடி தூரத்தில் திடீரென்று வந்து நின்றது. அந்த வெறும் ஜன்னல் வளைவுகளுக்குள் மூட்டம் புகுந்து புகுந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு அம்மா ஒரு கல்லறைப் பலகை ஓரமாக அரை மணி நேரம் நின்றார். கோல்ஃப் வீரர்களான டாம் மாரிஸ் தந்தையும் மகனும் புதைக்கப்பட்டிருப்பது அங்கேதான். மகனைப் பற்றி ஒரு கோல்ஃப் ரசிகர் சொன்னார்: ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியின் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றவன், 1875 கிறிஸ்துமஸ் அன்று 24 வயதில் போய்விட்டான். "ஹாமில்டனுக்கும் 24, இவனுக்கும் 24" என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

மூட்டம் பதினொன்றரைக்கு விலகியது. கல்தளத்தில் சிவப்பு அங்கிகள் நடந்ததைப் பார்த்தோம். முனையில் ஏறி, திரும்பும்போது மேல்சுவரின் குறுகலான விளிம்பில் வந்தார்கள். ஒரு பெண்ணின் அங்கி காற்றில் முழுக்கத் தலைக்குமேல் எழும்பிவிட்டது.

கோட்டை. பாதாளச் சிறையை மேலிருந்துதான் பார்க்க முடியும். கழுத்து ஒடுங்கி, கீழே போகப் போக அகலும் குழி, சுமார் 7 மீட்டர் ஆழம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "நெல்லுக் குலுக்கை" என்றார். அவ்வளவு சரியாக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. சுரங்கத்துக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அம்மா மேலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் இறங்கினேன். உள்ளிருந்தவர்கள் தோண்டிய பக்கம் குனிந்தே போகவேண்டும். தலை இரண்டு முறை இடித்தது, பாறை ஈரம், வழி கோணல்மாணல். பிறகு ஓர் ஓட்டை, ஒரு சிறிய ஏணி, இறங்கினால் வெளியிலிருந்தவர்களின் சுரங்கம். அங்கே நிமிர்ந்து நிற்கலாம். பயந்து தோண்டியதற்கும் நிதானமாகத் தோண்டியதற்கும் உள்ள வித்தியாசம் கையால் தடவினாலே தெரிகிறது. பழங்கல் அண்ணனுக்கு என் நன்றி.

மாலையில் ஓல்ட் கோர்ஸ் நடை. பாலம் உண்மையிலேயே வாய்க்கால் பாலம்தான். மறுநாள் காலை அதே இடத்தில் ஆட்டம். ஒரு பொதுப்பாதை முதல் குழிக்கும் பதினெட்டாவதுக்கும் குறுக்கே போகிறது. ஒரு பாட்டி கடைச் சாமான் பையோடு அவசரமே இல்லாமல் கடந்தார். எங்கிருந்தோ விமானம் ஏறி வந்த நான்கு பேர் மட்டையை ஊன்றிக் காத்து நின்றார்கள். அம்மாவுக்கு அந்த ஊர் முழுக்கப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். ஹிமாலயாஸில் என்னை நான்கு மட்டையடி வித்தியாசத்தில் தோற்கடித்தார் என்பதையும் எழுதச் சொன்னார்.

மெட்ராஸ் காலேஜ் கட்டிடத்தை வெளியில் நின்று பார்த்தோம். முன்னால் பழைய கறுப்பங்கித் துறவியரின் சிற்றாலயத்தில் மிஞ்சிய ஒரு துண்டு, பின்னால் பள்ளி. பள்ளி 2021-இல் ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது, பெயரையும் கொண்டுபோய்விட்டது. இது இப்போது பல்கலைக்கழகத்தின் வசம். நான் #8 முதல் #11 வரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். ஆற்று மணலைச் சலித்துப் பரப்புவது பிள்ளைகளின் முறைவேலை, எழுத்து கோணினால் வாத்தியார் அடிக்கமாட்டார், சட்டாம்பிள்ளை விரலைப் பிடித்து மணலில் அழுத்தித் தேய்ப்பான், தோல் உரியும் என்று தாத்தா சொல்வாராம். "அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாரா உங்க பெல்?" என்று எழும்பூர்வாசி ஐயாவிடம் கேட்கச் சொன்னார்.

#16 எழும்பூர்வாசி

அம்மாவுக்கு என் வணக்கம். பெல் தன் எழுத்துகளில் அடிக்கு எதிரானவர். மதிப்பெண்ணும் பரிசும் போதும் என்றார். சட்டாம்பிள்ளைகள் அதைக் கேட்டார்களா என்பது வேறு கதை.

#17 சுருக்குப்பை

சரி, தோற்றேன். அடுத்த ஆண்டு சுரங்கத்துக்காகவே போகிறேன். ஒரு சந்தேகம்: அந்த பி.எச். எழுத்தை மிதிக்காமல் வந்தீர்களா?

#18 நிலாச்சோறு

நான் சுற்றித்தான் நடந்தேன். அம்மா அதன்மேலேயே இரண்டு காலையும் ஊன்றி நின்று படம் எடுக்கச் சொன்னார். பி.எட். வாங்கி 45 வருஷம் ஆகிறது, இனிமேல் யாரும் பிடுங்க முடியாதாம்.